கூலி, சேதாரம், பெயர்

நகைக் கடை பில்லை என்றைக்காவது நிதானமாகப் படித்திருக்கிறீர்களா? வாங்கும்போது கொடுக்கிற பில்லைச் சொல்லவில்லை. அதில் நாம் பார்ப்பது கடைசி வரியை மட்டும்தான். பழைய நகையைப் போட்டுவிட்டுப் புதுசு எடுக்கிறோமே, அப்போது போடுகிற கணக்கைச் சொல்கிறேன். எடை இவ்வளவு, இன்றைய ரேட் இவ்வளவு, அழுக்குக்குக் கழித்தது இவ்வளவு. முடிந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எண்ணிக் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் அந்தச் சீட்டில் எங்கேயும் இருக்காது. 'அது போனது போனதுதான் சார்' என்பார் கடைக்காரர் சிரித்துக்கொண்டே. நாமும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவோம்.

ஒரு ஆசாரி நாலு நாள் முதுகு வளைத்து உட்கார்ந்து, ஊதி, தட்டி, அராவி, இழைத்த வேலைக்கு, அந்த நகை இரண்டாவது தடவை கடைப்படி ஏறும்போது மதிப்பு பூஜ்யம். உலோகத்துக்கு மட்டும்தான் விலை. நான் பி.காம். படித்தவன். எங்கள் வாத்தியார்கள் சொல்லிக் கொடுத்த பாஷையில், உலோகம் சொத்து, கூலி செலவு. சொத்து அடுத்த வருஷக் கணக்குக்கும் வரும். செலவு அந்த வருஷத்தோடு செத்துவிடும்.

நம் பேச்சிலேயே இது இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? 'உருக்கி' என்றுகூட நாம் சொல்வதில்லை. 'பழசை அழிச்சுட்டுப் புதுசு பண்ணிக்கலாம்' என்கிறோம். அழிப்பது! எவ்வளவு சாதாரணமாக அந்த வார்த்தை வாயில் வருகிறது, பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு கணக்கும் உலகத்தில் உண்டு. அங்கே ஒரு வெள்ளி வளையலைக் கையில் எடுத்தவுடன் யாரும் தராசைத் தேடமாட்டார்கள். வளையலைத் திருப்பிப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து, உள்பக்கம் என்ன முத்திரை அடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த முத்திரையைப் பொறுத்து, 60 கிராம் வெள்ளியின் விலை அதன் உலோக மதிப்பைப் போலப் பல மடங்காக ஏறும். 1930களிலிருந்து 1960கள் வரை கையால் செய்யப்பட்ட டிசைனர் வெள்ளி நகைகளைச் சேகரிப்பவர்களின் உலகம் அது. மெக்சிகோவின் தாஸ்கோ, டென்மார்க்கின் கோபன்ஹேகன், நியூயார்க்கின் க்ரீனிச் வில்லேஜ். இந்த மூன்றும் அந்த உலகத்தின் பெரிய ஊர்கள்.

ஆஹா, கைவேலைக்கு மரியாதை கொடுக்கிறவர்கள் என்று உடனே கை தட்டத் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் மரியாதை கொடுப்பது கைக்கா, பெயருக்கா? என்னைக் குடைகிற கேள்வி இதுதான். பதில் சொல்வதற்கு தாஸ்கோவுக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

மெக்சிகோ சிட்டியிலிருந்து அகாபுல்கோ கடற்கரைக்குப் போகிற வழியில், மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கிற ஊர் தாஸ்கோ. எழுதும்போது நடுவில் ஒரு எக்ஸ் போடுவார்கள், வாயில் வருவது தாஸ்கோ. ஸ்பெயின்காரர்கள் 16-ம் நூற்றாண்டிலேயே அங்கே வெள்ளி வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சுரங்கத்தில் கொழுத்த ஹோசே தெ லா போர்தா என்பவர் 1750களில் கட்டிக்கொடுத்த சான்டா ப்ரிஸ்கா தேவாலயம் இன்றைக்கும் ஊர் நடுவில் இளஞ்சிவப்பாக நிற்கிறது. ஆனால், வெட்டிய வெள்ளி எல்லாம் மூட்டை கட்டி வெளியே போய்விட்டது. வெள்ளிக்குப் பேர்போன ஊரில், வெள்ளி வேலைக்குப் பேர் கிடையாது.

1929-ல் அங்கே குடியேறினார் ஒரு அமெரிக்கர். வில்லியம் ஸ்ப்ராட்லிங். நியூ ஆர்லியன்ஸ் நகரில், டுலேன் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஓவியர் தியேகோ ரிவேராவுக்கு ஒரு சுவரோவிய வேலையைப் பேசி முடித்துக் கொடுத்து, அதில் கிடைத்த கமிஷனில் தாஸ்கோவில் வீடு வாங்கினார். (நல்ல கலை வரலாறுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கமிஷன் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.) 'இத்தனை நூற்றாண்டாக வெள்ளி எடுத்தும் இந்த ஊருக்கென்று ஒரு தொழில் வரவில்லையே' என்று அன்றைய அமெரிக்கத் தூதர் ட்வைட் மாரோ அவரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1931-ல் ஸ்ப்ராட்லிங் பட்டறை போட்டார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ராட்லிங் தட்டார் வேலை கற்றவர் இல்லை. அவருடையது பென்சில் பிடித்த கை. பழைய மெக்சிகோவின் கல் சிற்பங்களிலும் மண் முத்திரைகளிலும் இருந்த சிறுத்தை, பாம்பு, கிளிஞ்சல், கயிற்று முறுக்கு எல்லாவற்றையும் கண்ணால் அள்ளி, தாளில் இறக்கினார். அதை வெள்ளியாக்குவதற்குப் பக்கத்து ஊரான இகுவாலாவிலிருந்து பொற்கொல்லர்களைக் கூட்டிவந்தார். தங்கத்தில் ஊறிய அந்தக் கைகள்தான் வெள்ளித் தகட்டை வளைத்தன. உள்ளூர்ப் பையன்கள் தொழில் கற்க வந்து சேர்ந்தார்கள். பொடியன்களுக்குப் பட்டறையில் பட்டப்பெயர் 'குட்டி நரிகள்'. கூட்டுவது, துடைப்பது, தண்ணீர் எடுப்பது என்று தொடங்கி, மெல்ல மெல்ல ஊதுகுழாய் பக்கம் நகர்வார்கள்.

பிறகு ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர். பாரிஸிலிருந்து வரவேண்டிய ஆடம்பரச் சாமான் நின்றுபோனது. அமெரிக்காவின் பெரிய கடைகள் தெற்கே திரும்பின. ஸ்ப்ராட்லிங் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போனது. அங்கே தொழில் கற்றவர்கள் வெளியே வந்து தனிக்கடை போட்டார்கள். அந்தோனியோ காஸ்தியோவும் சகோதரர்களும், எக்தோர் அகிலார், அந்தோனியோ பினேதா... காஸ்தியோவை மணந்து, பிறகு பிரிந்து, எனாமல் வேலையில் தனி ராஜ்யமே நடத்திய சான்பிரான்சிஸ்கோ பெண்மணி மார்கோட். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடியில் தேடுவது இந்தப் பெயர்களைத்தான்.

ஸ்ப்ராட்லிங்குக்கு என்ன ஆயிற்று? கேட்டால் எங்கள் காமர்ஸ் வாத்தியார்கள் துள்ளிக் குதிப்பார்கள். தொழில் பெருக முதல் வேண்டுமே என்று கம்பெனியின் பங்குகளை விற்றார். பெரும்பான்மைப் பங்கு இன்னொருவர் கைக்குப் போனது. 1945-ல் தன் பெயர் தாங்கிய பட்டறையை விட்டே வெளியேறினார். கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியும் படுத்துவிட்டது. பிறகு பக்கத்துக் கிராமத்துப் பண்ணையில் சின்னதாக மறுபடி தொடங்கி, 1967 ஆகஸ்டில் கார் விபத்தில் இறக்கும்வரை நடத்தினார்.

இப்போது கேள்விக்கு வருவோம். அவர் இறந்த பிறகு ஒரு நண்பர் அந்தப் பண்ணையை வாங்கினார். டிசைன்களும் அவரிடமே வந்தன. வேலை தொடர்ந்து நடந்தது. 1966-ல் ஒரு சிறுத்தை ப்ரூச் செய்த அதே ஆசாரி, 1968-ல் அதே மேஜையில், அதே டிசைனில், அதே சுத்தியலால் இன்னொன்று செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கையின் வேலை. தராசில் வைத்தால் முள் அசையாது. ஆனால், சேகரிப்பாளரிடம் போனால் முதலாவதுக்கு ஒரு விலை, இரண்டாவதுக்கு வேறு விலை. ஏன்? ஸ்ப்ராட்லிங் உயிரோடு இல்லை. ஆனால் ப்ரூச் செய்தது ஸ்ப்ராட்லிங் இல்லையே!

'கைவேலை, கைவேலை' என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதுகிறவர்களிடம் இதைக் கேட்டால் கொஞ்சம் நெளிவார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பெயர் என்ன? தெரியாது. பெரும்பாலான நகைகளில் எங்கேயும் பதிவாகவில்லை. 1948 முதல் மெக்சிகோ அரசாங்கம் ஒரு கழுகு முத்திரையைக் கொண்டுவந்தது. கழுகின் நெஞ்சில் ஒரு எண் இருக்கும். அதுவும் வெள்ளியின் தரத்துக்குத்தான் ஜவாப்தாரி. சில எண்கள் பட்டறையைச் சொல்லும். 3 என்ற எண்ணோ தாஸ்கோவில் பல பட்டறைகளுக்குப் பொதுவானது. கை எங்கேயும் கிடையாது.

டென்மார்க்கில் நிலைமை இன்னும் நாசூக்கு. ஜார்ஜ் ஜென்சன் என்ற வெள்ளி வேலைக்காரர் 1904-ல் கோபன்ஹேகனில் சின்னக் கடை திறந்தார். அவரே தொழில் கற்றவர், கையில் தழும்பு உள்ளவர். டிசைன் செய்து கொடுத்தவர்களின் பெயரை மறைக்காமல் வெளியே சொல்வது அந்தக் கடையின் வழக்கம். அன்றைக்கு அது பெரிய விஷயம். 1945 வாக்கில் அங்கே வந்து சேர்ந்தவர் ஹென்னிங் கோப்பல் என்ற இளம் சிற்பி. யூதர் என்பதால் நாஜி ஆக்கிரமிப்பின்போது ஸ்வீடனுக்குத் தப்பிப் போய்த் திரும்பியவர். தண்ணீர்த் துளி கையில் வழிந்து அப்படியே உறைந்ததுபோல் வளையல் செய்வார். செய்வார் என்று நானே எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? அவர் செய்தது உருவம். அந்த உருவத்துக்கு வெள்ளியை இணங்க வைத்தது பட்டறையில் இருந்தவர்கள். ஒரு தட்டு தப்பினால் வழிவு போய்விடும். வளையலின் பின்னால் கோப்பலின் எழுத்து இருக்கும், புள்ளி வட்டத்துக்குள் ஜென்சனின் பெயர் இருக்கும். தட்டியவர் பெயர் இருக்காது.

பெயரும் கையும் ஒன்றாக இருந்த இடம் க்ரீனிச் வில்லேஜ்தான். ஆர்ட் ஸ்மித் என்ற கறுப்பினக் கலைஞர். ஜமைக்காப் பெற்றோருக்கு 1917-ல் க்யூபாவில் பிறந்து, புரூக்ளினில் வளர்ந்தவர். 1946-ல் கார்னீலியா தெருவில் கடை திறந்தார். கறுப்பர் கடை என்று அக்கம்பக்கத்தில் கொடுத்த தொல்லையில் அங்கிருந்து பெயர்ந்து, மேற்கு 4-வது தெருவுக்குப் போனார். வெள்ளி வாங்கக் காசில்லாதபோது செம்பிலும் பித்தளையிலும் தட்டினார். வரைந்ததும் அவர், வளைத்ததும் அவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று விற்றதும் அவர். நகை என்பது உடம்பில் ஏறும்வரை பாதிதான் முடிந்திருக்கிறது என்பது அவர் எண்ணம். (சேகரித்து வங்கி லாக்கரில் வைத்துப் பூட்டுகிறவர்கள் காதில் இது விழவேண்டும்.) ஆனால், எல்லோரும் ஆர்ட் ஸ்மித் ஆக முடியுமா? அவர் மாதிரி ஒருவருக்குப் பெயர் கிடைத்தால், பட்டறையில் இருந்த நூறு பேருக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை படித்தவுடன் உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். 'உழைத்தவன் ஒருத்தன், பெயர் ஒருத்தனுக்கு. பழைய கதைதானே?' நியாயமான கோபம். பெயர் என்பது பெரிய மோசடி, தராசே தேவலாம், அதாவது ஆளுக்கு ஆள் பேதம் பார்ப்பதில்லை என்றுகூடச் சொல்லத் தோன்றும்.

தராசின் யோக்கியதை தெரிய வேண்டுமானால், 1980 ஜனவரிக்கு வாருங்கள்.

டெக்சாஸின் எண்ணெய்க் கோடீஸ்வரச் சகோதரர்கள் நெல்சன் பங்க்கர் ஹன்ட், ஹெர்பர்ட் ஹன்ட் இருவரும் உலகத்து வெள்ளியை வளைத்துப் போடப் பார்த்தார்கள். 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டாலர் அளவில் கிடந்த வெள்ளி, 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. ஒரு சின்னக் கணக்கு. 60 கிராம் வளையல் ஒன்று, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி 55.5 கிராம். அவுன்ஸுக்கு 31.1 கிராம் என்றால் ஏறக்குறைய 1.8 அவுன்ஸ். ஒரு வருஷத்துக்கு முன் அதன் உலோக மதிப்பு ஏறக்குறைய 11 டாலர். இப்போது 85 டாலருக்கும் மேலே. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜனங்கள் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினார்கள். கரண்டி, டீ கெட்டில், மெழுகுவர்த்தித் தண்டு, பாட்டியின் வளையல். வாங்கியவர்கள் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. எடை போட்டார்கள், உருக்கினார்கள். அந்த மார்ச் 27, வியாழக்கிழமை, வெள்ளி 11 டாலருக்கும் கீழே வந்து விழுந்தது. விலை திரும்பிவிட்டது. உருகியது திரும்பவில்லை.

அந்த மூசையில் எவ்வளவு நல்ல வேலை போயிற்று என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. உருகியதற்குப் பட்டியல் ஏது? ஒன்று மட்டும் யோசித்தால் புரிகிறது. அந்த நாளில் எவையெல்லாம் தப்பித்திருக்கும்? 'இதை அழிக்காதே, இது இன்னாருடையது' என்று சொல்ல ஒரு காரணம் இருந்தவைதான். ஜென்சன் என்ற பெயர் அன்றைக்கே ஊர் அறிந்தது. தாஸ்கோ வளையலை மெக்சிகோ டூர் போனவர் வாங்கிவந்த நினைவுச் சாமான் என்றுதான் பல வீடுகளில் வைத்திருந்தார்கள். அந்த ஊர் வேலையைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் வந்து, பட்டறை பட்டறையாக முத்திரை அடையாளம் கண்டு, சேகரிப்பாளர் கூட்டம் பெருகியதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

ஆக, பெயர் அநியாயமானதுதான். நூறு பேர் வேலையை ஒருவர் கணக்கில் வரவு வைக்கிறது. ஆனால், அந்த நூறு பேர் வேலையும் நெருப்புக்குப் போகாமல் காத்ததும் அதே பெயர்தான். ஸ்ப்ராட்லிங்கின் முத்திரை இல்லாவிட்டால், இகுவாலாவிலிருந்து வந்த அந்தப் பொற்கொல்லர்கள் சுத்தியலின் தடமும் இருந்திருக்காது. காமர்ஸில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஒரு கம்பெனியை வாங்கும்போது நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாவற்றுக்கும் மேலே கொடுக்கிற தொகை. குட்வில் யாரால் உண்டாயிற்று என்று பேரேட்டில் எழுதமாட்டார்கள். ஆனால், அது இருக்கிறவரைக்கும்தான் தொழிற்சாலையை இடித்துப் பழைய இரும்புக்கு விற்காமல் நடத்துவார்கள்.

சேகரிப்பாளரைப் பற்றி எனக்கு இருந்த இளக்காரம் இந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது, நிஜம். பூதக்கண்ணாடியும் கையுமாகத் திரிகிற அந்த மனுஷன், தான் நினைத்தோ நினைக்காமலோ, ஒரு காவல்காரன் வேலை பார்க்கிறான். வெள்ளியைப் பளபளவென்று தேய்க்கக்கூடக் கூடாது என்பான். பள்ளங்களில் கறுப்பு ஏற்றியிருப்பது அழுக்கு இல்லை, செய்தவன் வேண்டுமென்றே வைத்த நிழல். நாம் திருநீறு போட்டுத் தேய்க்கிற தேயில், அந்த நிழல் அத்தனையும் போய், சிறுத்தை பூனையாகிவிடும்.

ஆனால் அவன் காவல் காப்பது பெயர் உள்ளவற்றை மட்டும்தானே? பெயர் இல்லாததற்கு யார் காவல்?

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. வங்கியில் ஆபீஸராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஹூஸ்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, தெருவில் யாரோ வீட்டைக் காலி செய்து சாமான் விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள். கையில் எடுத்ததும் கனமாக இருந்தது என்பதற்காக ஒரு வளையலை வாங்கிவந்துவிட்டார். கனம் என்றால் நமக்கு ஒரு மயக்கம் உண்டே! ஊருக்கு வந்ததும் சார் சொன்னாராம். "இந்த டிசைனை இங்க யார் போடுவா? அழிச்சுட்டுப் பேரனுக்கு ஒரு பால் டம்ளர் பண்ணிடலாம்."

அவர் அதை என்னிடம் காட்டினார். உள்பக்கம் 925 இருந்தது. தாஸ்கோ என்று இருந்தது. தேய்ந்துபோன கழுகும் 3-ம் இருந்தன. பெயர் இல்லை. ஸ்ப்ராட்லிங் இல்லை, பினேதா இல்லை, ஒன்றும் இல்லை. அதாவது, பெரிய விலை போகாது. உலோகத்துக்கு மேலே கொஞ்சம் கிடைக்கலாம், அவ்வளவுதான். "அப்போ அழிச்சுடலாமா?" என்று கேட்டார்.

அழிப்பது அவர் உரிமை. சட்டப்படி, காசு கொடுத்து வாங்கியவர் பொருளை எது வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அவர் கேட்டது உரிமையைப் பற்றி இல்லை. 'செய்யலாமா' என்பதற்கும் 'செய்ய முடியுமா' என்பதற்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் நாம் எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறோம்.

இதில் நான் கறாராகப் பேசத் தயாராக இல்லை. ஏனென்றால், நம் ஊரில் நகை என்பது நகை மட்டும் இல்லை. பெண்ணின் கையில் இருக்கிற ஒரே வங்கி அதுதான் என்று இருந்த குடும்பங்கள் எத்தனை! தண்டை அழிந்து மகள் காலேஜ் ஃபீஸாக மாறியிருக்கிறது. வெள்ளி அரைஞாண்கொடி ஆஸ்பத்திரி பில்லாக மாறியிருக்கிறது. அந்தத் தண்டையைத் தட்டிய ஆசாரி உயிரோடு இருந்திருந்தால், 'நல்ல காரியத்துக்குத்தானே போச்சு' என்றுதான் சொல்லியிருப்பார். வயிறு காய்கிற வீட்டில் போய் 'கலைப் பொருள், காப்பாற்றுங்கள்' என்று சொல்வது எனக்கு அசிங்கமாகப் படுகிறது. மியூசியத்துக்குத் தண்டை தேவைதான். அந்தப் பெண்ணுக்குப் படிப்பு அதைவிடத் தேவை.

ஆனால், நேர்மையாகச் சொல்லுங்கள். நாம் அழித்ததில் தேவைக்கு அழித்தது எவ்வளவு, 'மாடல் பழசாயிடுச்சு' என்று அழித்தது எவ்வளவு? இரண்டாவது வகைக்கு வயிற்றுப் பசியைச் சாக்கு சொல்ல முடியாது. கெட்டியான காப்பைக் கொடுத்துவிட்டு, பிரஷரில் அடித்த லேசான வளையல் எடுத்து வந்தோம். கூலி, சேதாரம் என்று மறுபடி கட்டிவிட்டு வந்தோம். ஒரு கையின் வேலையை அழித்து மெஷினுக்குக் கூலி கொடுத்தோம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் கொலுசு வேலை இன்னும் நடக்கிறது. கம்பி இழுப்பது ஒரு வீடு, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது ஒரு வீடு, சலங்கை கோப்பது ஒரு வீடு, பாலிஷ் இன்னொரு வீடு. ஒரு ஜோடிக் கொலுசு உங்கள் காலுக்கு வருவதற்குள் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது! அத்தனை வாசலில் எந்த வாசலின் பெயரும் கொலுசில் இல்லை. கடையின் பெயர் பைமேல் இருக்கும். தாஸ்கோவுக்கு ஒரு ஸ்ப்ராட்லிங் கிடைத்தார். பெயரை எடுத்துக்கொண்டார், பதிலுக்கு வேலையைக் காப்பாற்றினார். செவ்வாய்ப்பேட்டையில் பெயரை எடுத்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை. அதனால், பழைய கொலுசு எடைக்குப் போகும்போது தடுக்கவும் ஆள் இல்லை.

இதைப் பேச இப்போது அவசரம் ஒன்றும் இருக்கிறது. 2025 அக்டோபரில் வெள்ளி, 1980-ன் அந்த உச்சத்தையும் தாண்டிவிட்டது. அவுன்ஸ் 50 டாலர் என்ற கோட்டைக் கடந்தது. ஹன்ட் சகோதரர்கள் இல்லாமலே! பரண்கள் மறுபடி திறக்கின்றன. தராசு மறுபடி துடைத்து வைக்கப்படுகிறது. பெயர் உள்ளவை இந்தத் தடவையும் தப்பிக்கும். பெயர் இல்லாத வளையலை மேஜையில் வைத்துவிட்டு 'என்ன சார் ரேட்?' என்று கேட்கிறவர் நீங்களாகவோ நானாகவோ இருக்கலாம்.

அந்த வங்கி அம்மா வளையலை அழிக்கவில்லை. என் பிரசங்கத்தால் இல்லை. நான் அவ்வளவாகப் பேசவும் இல்லை. பூட்டைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு சின்ன நாக்கு, பெட்டிக்குள் போய் உட்காரவேண்டும். எத்தனையோ வருஷம் யார் யார் கையிலோ இருந்த வளையல். 'க்ளிக்' என்று போய் உட்கார்ந்தது. அசைத்தால் அசையவில்லை. சார் வாங்கி நாலைந்து தடவை கழற்றி மாட்டிப் பார்த்தார். "வேலைக்காரன்யா..." என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பேரனுக்கு டம்ளர் கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும். காப்போ, தண்டையோ, குங்குமச் சிமிழோ. முத்திரை தேடாதீர்கள், இருக்காது. யார் போட்டிருந்தது, எந்த ஊரில் செய்தது, எந்த வருஷம் வாக்கில் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நூல் போட்டு அதோடு கட்டி வையுங்கள். 'நம்ம தெரு முனையில இருந்தாரே, அந்த ஆசாரி' என்று யாராவது சொன்னால், விடாமல் அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர் ஞாபகம் வந்தால் அதையும் எழுதுங்கள்.